சொந்த ஊரில் பதினெட்டு நாள் விருந்தாளி

1

எங்கள் பங்குக் கோவிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு தகவல் பலகை இருக்கிறது. போன கோடையில் புதுச்சேரிக்குச் சேவைப் பயணம் போய்வந்த பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் அனுபவம் எழுதி அதில் ஒட்ட வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். பத்துப் பேருடைய தாள்கள் நிறைந்து வழிந்தன. புகைப்படம், ஸ்டிக்கர், ஒருத்தன் இட்லித் தட்டைப் படமாகவே வரைந்திருந்தான். என்னுடையது நாலு வரி. "குடும்பங்கள் எங்களை அன்போடு ஏற்றுக்கொண்டன. பள்ளியின் ஆறு வகுப்பறைகளுக்கு வண்ணம் அடித்தோம். நோயாளிகளைச் சந்தித்தோம். கடவுளுக்கு நன்றி."

போன ஞாயிறு அந்தத் தாள்களை எடுத்துவிட்டு அடுத்த பயணத்துக்கான பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். என் தாளைத் திருப்பிக் கொடுத்த பெண், "உங்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் ஊர்தானே அது?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

பிரெஞ்சில் வராததைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். முதலியார்பேட்டை எங்கே இருக்கிறது, தேங்காய்த்திட்டுக்கு எப்படிப் போவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி வேலை அதிலேயே மிச்சம்.

2

என் பெயர் பிலோமினா. தேங்காய்த்திட்டில் பிறந்தவள். இருபத்தாறு வருடமாக பிரான்சில், பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. காலையில் காய்கறி நறுக்குவேன், பதினொன்றரைக்குத் தட்டுகளில் பரிமாறுவேன், இரண்டு மணிக்கு மேல் மேசை துடைப்பேன். பிள்ளைகள் என்னை "மதாம் ஃபிலோ" என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சவரிநாதன் 'சொல்தா' குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எல்லோரும் பிறவியிலேயே பிரெஞ்சுக் குடிமக்கள். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் என்னையும் பிரெஞ்சுக்காரி ஆக்கிவிட்டார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை. உண்மையில் எனக்கு இருந்தது வெளிநாட்டவருக்கான பத்து வருட அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போடுவதை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம்.

அந்த அட்டை முடிந்த வருடம்தான் அம்மா இறந்தாள். பதினாலு வருடம் ஆகிறது. அட்டையைப் புதுப்பிக்க நான் தாமதமாகத்தான் விண்ணப்பம் கொடுத்தேன். அதிலும் ஒரு சான்றிதழ் குறைந்தது. அதுவரை அட்டைக்குப் பதிலாகக் காட்டத் தந்த ரசீதும் காலாவதி. அலுவலகத்தில் அடுத்த சந்திப்புக்குத் தேதி மூன்று வாரம் கழித்து. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர என்னிடம் ஒரு காகிதமும் கிடையாது. கிளாராவுக்கு அப்போது ஐந்து வயது.

செய்தி காலை ஆறரைக்கு வந்தது. தம்பி ஆரோக்கியம் போனில் அழுதான். "எப்ப கெளம்பறக்கா? நாளைக்கி சாயந்திரம் வரைக்கும் வெச்சிருக்கேன்" என்றான்.

நான் பேசுவதற்குள் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "காயிதம் இல்லன்னு சொல்லாத. சொல்தா வீட்டு மருமகளுக்குக் காயிதம் இல்லன்னு ஊரெல்லாம் பேசுவாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். லீவு குடுக்கலன்னு சொல்லு" என்றார்.

நான் போனை எடுத்து, "லீவு கெடைக்கலடா" என்றேன்.

அவன் அழுகை நின்றது. பிறகு, "பள்ளிக்கூடத்து சமையக்கட்டுல லீவு தரலன்னு பெத்தவ மொகத்தப் பாக்க வரமாட்டியா? இனிமே வராத. எப்பவுமே வராத" என்றான். வைத்துவிட்டான்.

ஏழே முக்காலுக்கு வேலைக்குப் போனேன். அன்றைக்கு மீனும் மசித்த உருளைக்கிழங்கும். வரிசையில் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிமாறினேன். ஒரு குழந்தை இரண்டாம் முறை கேட்டது, கொடுத்தேன். அழவில்லை. சாயந்திரம் அழுவேன் என்று நினைத்தேன். சாயந்திரமும் வரவில்லை. அதன் பிறகு எதற்குமே வரவில்லை.

முதல் சில வருடங்கள் கிறிஸ்துமசுக்கு அவனுக்குக் கார்டு போட்டேன். பதில் இல்லை. போன் எண் மாறிவிட்டது. ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ஒரே சிநேகிதியும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். மாமனார் இறந்தார். நான் குடியுரிமை வாங்கினேன். அதற்கான விழாவில் பாட்டு பாடி, கேக் கொடுத்தார்கள். கேக்கைச் சாப்பிட்டேன்.

3

எங்கள் பங்குச் சாமியார் கொங்கோ நாட்டுக்காரர். அவரும் வந்தேறிதான் என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுவார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இளைஞர்களை உங்கள் ஊருக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஒரு பங்கு எங்களை ஏற்றுக்கொள்கிறது. குடும்பங்களில் இரண்டிரண்டு பேராகத் தங்குவோம். மொழி தெரிந்தவர் ஒருவர் வேண்டும்" என்றார். எந்தப் பங்கு என்று கேட்டேன். முதலியார்பேட்டைப் பக்கம் என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிளாரா முந்திக்கொண்டு தானும் வருகிறேன் என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கோவிலுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அவள் சேர விரும்பிய சமூகப் பணிப் படிப்புக்கு இப்படிப்பட்ட பயணம் ஒன்று இருந்தால் நல்லதாம். காரணம் அவ்வளவுதான், அதை அவள் மறைக்கவும் இல்லை. வீட்டில் அவள் பேசுவது பிரெஞ்சு. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். அவளுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் முப்பது சொல் இருக்கலாம். வா, போ, சாப்டு, இரு, போதும், சூடு.

தம்பியைப் பார்ப்பதைப் பற்றி விமானத்தில் யோசித்தேன். கடைசி நாளில் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பார்க்காமலே வந்துவிடலாம் என்றும் அதே மனசில் இருந்தது. கிளாராவிடம் மாமா ஒருவர் இருக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

4

எங்களை ஏற்றுக்கொண்டவர்கள் ஸ்டெல்லாவும் அவள் கணவர் தாசும். ஸ்டெல்லாவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள், பங்கில் மாதா சபையில் இருக்கிறாள். தாஸ் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் மினி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. சின்ன வீடு. தங்கள் படுக்கையறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் போட்டிருந்தார்கள்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே எடுத்து நிறுத்திக்கொண்டாள். பின்னாலேயே பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, வெள்ளக்காரங்க வரலியா?" என்றாள்.

"இவங்கதான்" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டுக்குள் போனால் இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில், கார்ன்ஃப்ளேக்ஸ், ஜாம், புதிதாக வாங்கிய முள்கரண்டிகள். கழிப்பறையில் காகிதச் சுருள் ஒன்று ரிப்பன் கட்டி மாட்டியிருந்தது. அவள் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தாள்.

"தமிழ்லயே பேசும்மா" என்றேன்.

"காரம் சாப்புடுவீங்களா மேடம்?"

"சாப்புடுவேன்."

அப்படியும் முதல் மூன்று நாள் குழம்பில் காரமே இல்லை. எனக்கு இல்லாவிட்டாலும் கிளாராவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்தாளாம். நாலாம் நாள் கிளாரா அவர்கள் தட்டில் இருந்த வஞ்சிரம் கருவாட்டை எடுத்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே குழம்பு. நானும் அன்றிலிருந்து 'அக்கா' ஆனேன்.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் அரசாங்கத்துக்கு ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். முதல் நாள் சாயந்திரம் ஸ்டெல்லா போனை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்பினாள். என்னுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

"நாடு, பிரான்ஸ். பொறந்த ஊரு..." என்று நிறுத்தினாள். "பாண்டிச்சேரின்னே இருக்குதே. அப்பிடியே போடட்டுமா?"

"அப்படியே போடு."

"எந்தப் பக்கம் நீங்க?" என்று தாஸ் கேட்டார்.

நான் பிரான்சில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

பகலில் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு சுரண்டி வண்ணம் அடித்தோம். இளைஞர்கள் பாட்டு பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். தலைமையாசிரியை வரவேற்புரை சொன்ன அன்று, அவர் தமிழில் பேசியதை நான் எழுந்து பிரெஞ்சுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி மறுபடியும் தமிழிலேயே சொன்னேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூடம் முழுவதும் சிரித்தது. இன்னொரு நாள் முதலியார்பேட்டைக் கடைத்தெருவில் பூக்காரம்மா மேல் இடித்துவிட்டு, "பர்தோன்" என்றேன். மன்னிக்கச் சொல்லி வாய் தானாகச் சொன்ன பிரெஞ்சு. அந்தம்மா, "பரோட்டாவா? அடுத்த கடை" என்று கையைக் காட்டினாள்.

தாஸ் ஒருநாள், "வாங்கக்கா, துறைமுகத்துல ஏலம் பாக்கலாம். கிளாராவுக்குப் புடிக்கும்" என்று கூப்பிட்டார். தலைவலி என்றேன். என் தம்பி அந்தத் துறைமுகத்தில்தான் மீன் ஏலம் விடுகிறவன். கூடை கூடையாகக் கொட்டிய மீனுக்கு முன்னால் நின்று அவன் விலை கூவினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கடலுக்கு எதிர்ப்பக்கமாகவே நடமாடிக்கொண்டிருந்தேன்.

5

பத்தாம் நாள் வண்ணம் அடிக்கும் வேலைக்கு ஓய்வு. அன்றைக்கு மாதா சபைப் பெண்களோடு வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. நாங்கள் நாலு பேர் ஒரு குழு. ஸ்டெல்லா, நான், கிளாரா, பாத்திஸ்த் என்று ஒரு இருபது வயதுப் பையன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு, பிஸ்கட், ஹார்லிக்ஸ் உள்ள பை. கொஞ்சம் பேசி, ஒரு ஜெபம் சொல்லி, ஒரு பாட்டுப் பாடிவிட்டு வர வேண்டும்.

காலையில் ஸ்டெல்லா பட்டியலை என்னிடம் கொடுத்தாள். ஐந்து பெயர். மூன்றாவது பெயர்: ஆரோக்கியசாமி, தேங்காய்த்திட்டு. பக்கத்தில் 'பக்கவாதம்' என்று எழுதியிருந்தது.

"இவருக்கு எப்ப வந்துச்சி?" என்று கேட்டேன்.

"எட்டு மாசம் ஆச்சிக்கா. ஏலக்காரரு. காலையில கூவிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாராம். ஒரு பக்கம் கையும் காலும் வரல. பேச்சும் கொழகொழன்னு ஆயிடுச்சி. தெரிஞ்சவரா?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நினைப்பே எதுவும் இல்லை. வாய் அதுவாகச் சொன்னது. உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

வீடு அதேதான், மேலே ஒரு மாடி எடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தவள் ரீத்தா, தம்பி மனைவி. பாத்திஸ்த்தைப் பார்த்தாள், கிளாராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன வாரம் வந்துபோனவளிடம் சொல்வது போல மெதுவாக, "வாங்க அண்ணி" என்றாள். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

அவன் முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை. வாய் வலப்பக்கம் இறங்கியிருந்தது. வலது கை தலையணை மேல் எடுத்துவைத்த பொருள் மாதிரிக் கிடந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்த இடத்திலேயே நின்றது. நான் சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா நலம் விசாரித்தாள். ரீத்தா பதில் சொன்னாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். பாத்திஸ்த் மண்டியிட்டு அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன். "இவருக்காக நாங்கள் எதை வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள்" என்றான்.

நான் தமிழில் கேட்டேன். "உங்களுக்காக என்னா வேண்டிக்கணும்னு கேக்கறாங்க."

என் தம்பியிடம் நான் 'உங்களுக்காக' என்று சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. வாயைக் கூட்டிச் சேர்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"ஒண்ணும் வேணாம். இவங்கள போவச் சொல்லு. நீ இரு."

ஸ்டெல்லாவுக்குப் பேச்சு புரிந்ததோ என்னவோ, நோயாளிகள் எரிச்சல்படுவது அவளுக்குப் பழக்கம். பாத்திஸ்த் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நன்றி சொல்கிறார். எதுவும் வேண்டாமாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

பாட்டுப் பாடினோம். நானும் பாடினேன். ரீத்தா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். பையைக் கட்டிலருகே வைத்தோம். ஸ்டெல்லா பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்தாள். நான் எழுந்து அவர்களோடு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். இன்னும் இரண்டு வீடு இருந்தது. ஒரு முதியவர், ஒரு பெண். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன்.

6

வீட்டுக்கு வந்து துணி அலசினேன். மத்தியானம் சாப்பிட்டேன். ஸ்டெல்லா அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள், தாஸ் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். கிளாரா வந்து என் எதிரில் நின்றாள். இந்தப் பத்து நாளில் பொறுக்கிச் சேர்த்த தமிழில் வேண்டுமென்றே பேசினாள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்றுதான்.

"அந்த ஆள் 'நீ இரு' சொன்னார். எனக்குத் தெரியும், இரு. நீ தினம் சொல்றது. இரு, வரேன். ஏன் நீ அத சொல்லல?"

நான் சாப்பிட்ட தட்டை எடுக்கக் குனிந்தேன்.

"யார் அவர்?"

"என் தம்பி" என்றேன். தமிழில் ஒரு தடவை, அவளுக்குப் புரியவில்லையோ என்று பிரெஞ்சில் ஒரு தடவை. முகத்தைப் பார்த்தால் முதல் தடவையே புரிந்திருந்தது.

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாசைப் பார்த்து, "வண்டிய எடுங்க" என்றாள்.

"ஐஸ் ஏத்தணுமே மூணு மணிக்கி."

"எடுங்கன்றேன்ல."

வேனின் முன்சீட்டில் நானும் கிளாராவும் நெருக்கி உட்கார்ந்தோம். சீட்டெல்லாம் மீன் வாசனை. இறக்கிவிடும்போது தாஸ், "நானும் அவருகிட்ட மீனெடுத்தவந்தான்க்கா. நல்ல மனுசன். பயப்படாதீங்க" என்றார்.

நான் பயப்படவில்லை. அதுதான் சங்கடம். பயந்திருந்தால், அழுதிருந்தால், அவன் காலைப் பிடித்திருந்தால் எல்லாம் சீக்கிரம் முடிந்திருக்கும். நான் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவன் கேட்டான். "ஏன் போன?"

"இன்னும் ரெண்டு வீடு இருந்துச்சி."

அவன் சிரித்தான் என்று நினைக்கிறேன். வாய் இறங்கியிருப்பதால் சரியாகத் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கிளாரா யாரும் சொல்லாமல் கட்டிலின் மறுபக்கம் போய், அவனுடைய அசையாத கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கினாள். எங்கே கற்றாள் என்று தெரியாது. ரீத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். "டாக்டரு அதான் செய்யச் சொன்னாரு. நாந்தான் ஒரு நாளு செய்யறேன், ஒரு நாளு உட்டுடறேன்" என்றாள்.

அன்றைக்கு வேறு பேச்சு இல்லை.

7

மீதி நாட்களில் பள்ளி வேலை முடிந்ததும் நானும் கிளாராவும் ஷேர் ஆட்டோ பிடித்துத் தேங்காய்த்திட்டுக்குப் போனோம். கிளாரா கைக்குப் பயிற்சி கொடுப்பாள். நான் நாற்காலியில் இருப்பேன். அவன் பேசுவதற்கு நேரம் ஆகும், எனக்குப் பேச எதுவும் இருக்காது. இரண்டு பேருக்கும் அது பொருந்தி இருந்தது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவன் கேட்டான். "லீவு ஏன் தரல?"

பதினாலு வருடத்துக்கு முன் நடந்ததை நேற்று நடந்தது போலக் கேட்டான். நான் வாயைத் திறந்தபோது அந்தப் பழைய பொய்தான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். அட்டை முடிந்துபோனதை, ரசீதை, மூன்று வாரத்தை, வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதை. நான் அப்போது பிரெஞ்சுக்காரியே இல்லை என்பதை. லீவே கேட்கவில்லை என்பதை. வீட்டுக்காரர் சொல்லச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். சொன்னது என் வாய்தானே.

ரீத்தா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் கூரையைப் பார்த்தான்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா," என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "வராதக்கான்னு நானே சொல்லியிருப்பேன்" என்றான்.

ரீத்தா உள்ளே போய்விட்டாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கிளாரா விரல்களை மடக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். என் கண் காய்ந்திருந்தது. நான் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இன்னொரு நாள் அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லாமல் கிடந்தாளாம். அடக்கத்துக்கு மழை பெய்ததாம். யார் யார் வந்தார்கள், யார் குழிக்குள் மண் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னான். சாயந்திரம் முழுவதும் ஆனது. எனக்குச் சேர வேண்டிய செய்தியைப் பதினாலு வருடம் கெடாமல் வைத்திருந்தவன் போலச் சொன்னான். நான் ஒவ்வொரு பெயருக்கும் 'ம்' போட்டேன்.

8

வழியனுப்பு விழாவில் எங்கள் பதினோரு பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். எனக்கும் போர்த்தினார்கள். பங்கு மக்கள் கைதட்டினார்கள். மேடையிலிருந்து பார்த்தால் ரீத்தா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

விமானத்துக்கு முந்தின நாள் கிளாரா தான் வரப்போவதில்லை என்றாள். படிப்பு தொடங்க ஆறு வாரம் இருக்கிறது. மாமா வீட்டில் இருக்கப் போகிறாள். சாமியார் சம்மதிக்க மாட்டார் என்றேன். ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்றாள். எங்கே தூங்குவாய் என்றேன். ரீத்தா அத்தை மாடியில் ஃபேன் மாட்டிவிட்டார் என்றாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். மாற்றியாகிவிட்டது என்றாள். எல்லாவற்றுக்கும் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறாள். கோபப்பட்டிருக்க வேண்டும். "சரி, குடிக்கிற தண்ணியப் பாத்துக்கோ" என்றேன்.

ஸ்டெல்லா காலையில் கிச்சடி கட்டிக் கொடுத்தாள். "பிரான்சுலருந்து வர்றவங்கள வெச்சிருக்கோம்னு தெரு பூராவும் சொல்லி வெச்சிருந்தேங்க்கா. தேங்காய்த்திட்டுக்காரங்கள வெச்சிருந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

கிளாரா ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். கறுத்து, மெலிந்து. விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "என்னாம்மா, எளச்சிப் போயிட்ட" என்றாள். அச்சு அசல் ரீத்தாவின் குரல். இப்போது அவள் வேறொரு நகரத்தில் படிக்கிறாள். சமூகப் பணி இல்லை, இயன்முறை மருத்துவத்துக்கு மாறிவிட்டாள். என்னோடு இன்னமும் பிரெஞ்சில்தான் பேசுகிறாள். தமிழ் மாமாவுக்கு மட்டும். வாரத்தில் இரண்டு நாள் வீடியோவில் அவனைக் கையைத் தூக்கச் சொல்கிறாள், தூக்காவிட்டால் அதட்டுகிறாள்.

நடந்ததையெல்லாம் நான் திரும்பி வந்த அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், தம்பிக்குத் தானே போன் போட்டார்.

"மச்சான், நாந்தான். சவரி. அன்னைக்கி லீவு இல்லன்னு சொல்லச் சொன்னது நாந்தான். பிலோமினா இல்ல."

அந்தப் பக்கம் தம்பி குழறலாக ஏதோ சொன்னான். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"என்னடா சொன்ன மாமாகிட்ட?" என்றேன்.

"சாப்ட்டீங்களான்னு கேட்டேன்" என்றான் தம்பி. "அக்கா, ஈஸ்டருக்குக் கோயிலுக்கு நடந்து போவலாம்ங்கறாரு டாக்டரு. கோலு வெச்சிக்கிட்டு. வர்றியா?"

இந்த வருடம் ஈஸ்டர் பள்ளி விடுமுறைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கொடுத்துவிட்டார்கள். பதினாலு வருடத்துக்கு முன்னாலும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூட வேலை செய்கிறவள் கேட்டாள். "இந்தத் தடவையும் கோவில் குழுவோடா?"

"இல்லை."

"அப்படியானால் எங்கே தங்குவாய்? ஓட்டலா?"

தம்பி வீட்டில் என்று சொன்னேன். பிரெஞ்சில் அது மூன்றே சொல். வந்து இருபத்தாறு வருடத்தில் அந்த மூன்று சொல்லைச் சேர்த்து நான் யாரிடமும் சொன்னதில்லை. உச்சரிப்பு சரியாகத்தான் வந்தது. அவள் நல்லது என்றாள். பதினொன்றரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நான் காரட் துருவப் போனேன்.